மலை சைக்கிள் ஃபோர்க்கின் குமிழ்களை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

மலை சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கி, குலுங்கலை உள்வாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் உள்ள குமிழ் ஒன்று இறுகிவிட்டாலோ, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலோ, திருப்பும்போது கேட்கும் ‘கிளிக்’ ஓசை நின்றுபோனாலோ, ஃபோர்க்கையே மாற்றியாக வேண்டும் என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் பயந்துவிடுகிறார்கள். நான் வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்த்த ஃபோர்க்குகளில், கோளாறு பெரும்பாலும் குமிழின் மேற்பரப்புக்கும் அதன் அடியிலுள்ள மூடிக்கும் நடுவே ஒரு விரற்கடை ஆழத்துக்குள்தான் இருந்தது. உலர்ந்த சேறு, துருவேறிய சிறு திருகு, மழுங்கிய பிளாஸ்டிக் பல், தளர்ந்த கேபிள் ஆகியவைதாம் அங்கே அகப்படும். இந்தக் கட்டுரை அந்த ஒரு விரற்கடையைப் பற்றியது. அதற்குக் கீழே எண்ணெயும் அழுத்தமேற்றிய காற்றும் இருக்கின்றன. அங்கே கை வைக்க வேறு கருவிகளும் வேறு பழக்கமும் வேண்டும்.

எந்தக் குமிழ் எதற்கு

வண்டியில் அமர்ந்தவரின் இடக்கை, வலக்கையைக் கொண்டே ஃபோர்க்கின் இடது, வலது கால்களைச் சொல்வது வழக்கம். எஸ்ஆர் சன்டூர், ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்களின் பெரும்பாலான ஃபோர்க்குகளில் இடது காலுக்குள் ஸ்பிரிங் இருக்கும். அது சுருள் கம்பியாகவோ அடைத்து வைத்த காற்றாகவோ இருக்கலாம். வலது காலுக்குள் டேம்பர் இருக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி பந்துபோல் குதித்துக்கொண்டே போகும். குறுகிய துளைகளின் வழியே எண்ணெயைச் செலுத்தி அந்தத் துள்ளலை அடக்குவதே டேம்பரின் வேலை.

இடது காலின் உச்சியில் சுருள் ஸ்பிரிங் உள்ள ஃபோர்க்கில் ப்ரீலோட் குமிழும், காற்று ஃபோர்க்கில் ஒரு மூடிக்கு அடியில் காற்று வால்வும் இருக்கும். வலது காலின் உச்சியில் இருப்பது கம்ப்ரஷன் குமிழ் அல்லது ஃபோர்க்கை அமுங்காதபடி பூட்டிவைக்கும் லாக்கவுட் நெம்புகோல். ஃபோர்க் எவ்வளவு எளிதில் அமுங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வலது காலின் அடியில், சக்கர அச்சுக்குக் கீழே, ரீபவுண்டு குமிழ் இருக்கும். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பது அதன் பொறுப்பு. கம்ப்ரஷனுக்கு நீலம், ரீபவுண்டுக்குச் சிவப்பு என்பது ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் இரண்டிலும் காணப்படும் நிறமரபு. ரீபவுண்டு குமிழின் அருகே ஆமையும் முயலும் வரையப்பட்டிருந்தால், ஆமைப் பக்கம் திருப்பினால் ஃபோர்க் மெதுவாக எழும், முயல் பக்கம் திருப்பினால் விரைவாக எழும் என்று பொருள். விலை குறைந்த சுருள் ஸ்பிரிங் ஃபோர்க்குகள் பலவற்றில் ரீபவுண்டு குமிழே கிடையாது. இல்லாத குமிழைத் தேடிச் சக்கரத்தைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ரீலோட் குமிழைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. அது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அதை முழுவதும் திருப்பியும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றால் குமிழ் பழுதாகிவிட்டது என்று பொருளாகாது. ஓட்டுபவரின் எடைக்கு அந்த ஸ்பிரிங் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

கருவியை எடுப்பதற்கு முன்

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு குமிழையும் கடிகார முள் செல்லும் திசையில் அது நிற்கும் வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து எதிர்த்திசையில் மறுமுனை வரை எத்தனை கிளிக்குகள் அல்லது எத்தனை சுற்றுகள் வருகின்றன என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். வழக்கமாக நீங்கள் ஓட்டும் நிலை அந்த எண்ணிக்கையில் எத்தனையாவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முனையை அடைந்த பிறகு மேலும் அழுத்தித் திருப்பக் கூடாது. பல டேம்பர்களில் குமிழ் நகர்த்துவது கூரான முனை கொண்ட ஓர் ஊசியை. அது எண்ணெய்த் துளையின் வாயில் போய் அமரும்போது வலுக்கட்டாயமாகத் திருகினால், ஊசியின் முனையும் துளையின் விளிம்பும் கெட்டுவிடும். குமிழில் இருந்த சிறு கோளாறு அப்போது டேம்பருக்குள் இறங்கிவிடுகிறது.

அடுத்து, குமிழ் திரும்புவதும் ஃபோர்க் அதற்குப் பதில் சொல்வதும் வெவ்வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடல் எடையால் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ரீபவுண்டை ஆமை முனையில் வைத்து ஒருமுறையும் முயல் முனையில் வைத்து ஒருமுறையும் இதைச் செய்தால், எழும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்க வேண்டும். குமிழ் நன்றாகத் திரும்பி, கிளிக்கும் சரியாகக் கேட்டு, வேறுபாடு மட்டும் இல்லை என்றால், குமிழுக்கும் உள்தண்டுக்கும் தொடர்பு அறுந்திருக்கலாம், அல்லது டேம்பரில் எண்ணெய் குறைந்திருக்கலாம். குமிழே திரும்ப மறுத்தால் காரணம் பெரும்பாலும் அழுக்கும் துருவும்தான். எனவே எதையும் கழற்றாமல், வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு குமிழின் இடுக்கைக் கழுவி, நனைந்திருக்கும்போதே இரு திசையிலும் பலமுறை திருப்பிப் பாருங்கள். சேற்றில் ஓட்டிய வண்டியானால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். வாட்டர் வாஷ் கடையில் பீய்ச்சியடிக்கும் தண்ணீரை மட்டும் ஃபோர்க்கின் பக்கமே காட்டாதீர்கள்; அது அழுக்கை வெளியேற்றுவதற்குப் பதிலாக ரப்பர் சீல்களைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீகள், வளையக் கிளிப்புகளைக் கழற்றும் சர்க்ளிப் பிளேயர், காந்த முனை கொண்ட ஒரு குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சிலிக்கான் கிரீஸ் அல்லது சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் கிரீஸ், திருகு தானாகக் கழலாமல் பிடித்துவைக்கும் நீல நிற த்ரெட் லாக்கர், பஞ்சு நுனிக் குச்சிகள் ஆகியவை போதும். இவற்றில் காசைப் பார்க்கக் கூடாத ஒன்று ஆலன் கீதான். முனை உருண்டுபோன மலிவான கீ, சிறு திருகின் அறுகோணக் குழியை ஒரே திருகலில் வட்டமாக்கிவிடும். அங்குல அளவுக் கீகள் கலந்து கிடக்கும் பெட்டியானால் இன்னும் கவனம் வேண்டும்: 5/64 அங்குலக் கீ 2 மில்லிமீட்டர் கீயைப் போலவே உள்ளே போகும், ஆனால் அது 1.98 மில்லிமீட்டர்தான். அந்த மயிரிழை இடைவெளியே திருகைக் கெடுக்கப் போதுமானது.

கழற்றும் உறுப்புகளை வைக்க நான் பயன்படுத்துவது பழைய இட்லித் தட்டு. கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் உறுப்பாக வைத்தால், மாட்டும்போது வரிசை தவறாது. குழிவாக இருப்பதால் எதுவும் உருண்டோடாது. ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. பிரேக் டிஸ்க்கின் மீது ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள்; எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பேடுகள் பிடிப்பை இழந்துவிடும்.

மேல் குமிழைக் கழற்றுதல்

வலது காலின் உச்சியில் உள்ள குமிழின் நடுவிலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு திருகு இருக்கும். அதன் குழியில் உலர்ந்த மண்ணை முதலில் ஒரு குண்டூசியால் கிளறி எடுத்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். குழியில் மண் இருக்கும்போது கீ அடிவரை இறங்காது. மேல்விளிம்பை மட்டும் பற்றிக்கொண்டு திருப்பினால் திருகு மழுங்குவது உறுதி. கீ முழுவதும் இறங்கியதைக் கையால் உணர்ந்த பிறகே, அதைக் கீழ்நோக்கி அழுத்தியபடி கடிகாரத் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் இருப்பது தலையில்லாத கிரப் ஸ்க்ரூவானால் அதை முழுவதும் வெளியே எடுக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று சுற்றுகள் தளர்த்தினால் குமிழ் மேலே வந்துவிடும்.

இப்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. திருப்பும்போது கேட்கும் அந்தக் ‘கிளிக்’, கடுகளவுள்ள ஓர் எஃகுக் குண்டினால் உண்டாவது. குமிழின் அடியிலோ மூடியின் ஓரத்திலோ உள்ள சிறு துளைக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும், அதன் தலையில் இந்தக் குண்டும் அமர்ந்திருக்கும். எதிர்ப்புறத்தில் வட்டமாக வெட்டப்பட்ட பள்ளங்களில் அது விழுந்து விழுந்து எழும்போதுதான் ஓசை வருகிறது. குமிழைத் தூக்கிய கணத்தில் அதன் மேலிருந்த பிடி விட்டுப்போய்விடும். முதன்முறை இதைச் செய்தபோது எனக்கு இது தெரியாது. குமிழை ஆவலோடு இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு மொசைக் தரையில் எதுவோ துள்ளி ஓடும் சத்தம். கறுப்பும் வெள்ளையும் புள்ளி வைத்த அந்தத் தரையில் கடுகைத் தேடுவது எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றித் தரை முழுக்கத் தேய்த்த பிறகு, மூன்றாம் நாள் அலமாரியின் காலடியில் கிடைத்தது.

அன்றிலிருந்து, ஃபோர்க்கின் தலையை ஒரு பெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் மூடி, பைக்குள் கையை விட்டுத்தான் குமிழைக் கழற்றுகிறேன். துள்ளினாலும் பைக்குள்ளேயே விழும். குமிழ் வெளியே வந்ததும் குண்டு எத்தனை, எந்தத் துளையில் இருந்தது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் ஒன்று இருக்கும், சிலவற்றில் எதிரெதிராக இரண்டு இருக்கும். குண்டு தொலைந்தே போய்விட்டால் ஃபோர்க் ஓடாமல் நின்றுவிடாது. கிளிக் மட்டும் கேட்காது, ஆனால் குலுங்கலில் குமிழ் தானாகவே நகரத் தொடங்கும். பழைய குண்டின் அளவு தெரிந்தால் பேரிங் கடையில் அதே அளவில் கிடைக்கும்.

குமிழை எடுத்ததும் அதன் அடியிலிருந்து ஒரு தண்டு மேலே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இந்தத் தண்டைப் பிளேயரால் பற்றாமல், விரலாலோ பொருத்தமான சிறு ஸ்பேனராலோ மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதுதான் பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. தண்டு எளிதாகத் திரும்பி, லாக்கவுட் வேலை செய்தால், கோளாறு முழுவதும் உங்கள் கையில் இருக்கும் குமிழில்தான். தண்டைத் திருப்பியும் ஃபோர்க் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் டேம்பருக்குள் பழுது இருக்கிறது. அங்கே நிறுத்திக்கொண்டு குமிழை மாட்டிவிடலாம்.

குமிழின் உட்புறத்தையும் தண்டைச் சுற்றிய பள்ளத்தையும் ஆல்கஹாலால் துடைத்து, பச்சை பூத்த பழைய கிரீஸையும் வெள்ளைப் பொடியையும் முழுவதும் நீக்க வேண்டும். அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்ததன் அடையாளம். எஃகுத் திருகும் அலுமினியக் குமிழும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புக் கலந்த ஈரம் புகுந்தால் அரிப்பு விரைவாகும். கடற்கரை ஊர்களில் வைத்திருக்கும் வண்டிகளில் இது சீக்கிரமே வருகிறது. ஓ ரிங் எனப்படும் ரப்பர் வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் அதே அளவில் வேறொன்று போடுங்கள். ரப்பர் இருக்கும் இடத்தில் டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான்களை அடிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால் நான் அதை ஃபோர்க்கின் அருகே கொண்டுவருவதில்லை.

திருகு மழுங்கிவிட்டால்

கீ வழுக்கத் தொடங்கிய உடனே நிறுத்த வேண்டும். இன்னொரு முறை முயன்றால் மிச்சமிருக்கும் விளிம்பும் போய்விடும். துரு காரணமென்றால், துரு இளக்கும் எண்ணெயை ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டு எடுத்துத் திருகின் மீது வைத்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அடுத்த வழி, நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனை. 2 மில்லிமீட்டர் குழி மழுங்கியிருந்தால் டி8 முனையை அதன் மீது நிறுத்திச் சிறு சுத்தியலால் மென்மையாகத் தட்டி இறக்கினால், அதன் கூர்கள் குழியின் சுவரில் புதிய பிடியை உண்டாக்கிக்கொள்ளும். தட்டும் விசை தண்டின் வழியே டேம்பருக்குப் போகும் என்பதால் ஆணி அடிப்பதுபோல் அடித்துவிடக் கூடாது. அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், குமிழைப் பலிகொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ரம்பம் கொண்டு குமிழைப் பக்கவாட்டில் கீறிப் பிளந்து எடுத்தால் தண்டு பிழைக்கும். குமிழைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். துளையிடும் எந்திரத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் தண்டையும் சேர்த்துத் துளைத்துவிடுகிறார்கள்.

புதிய குமிழ் வாங்க ஃபோர்க்கின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஆண்டுக்கொரு மாற்றம் வந்திருக்கும். ராக்‌ஷாக்ஸில், இரு கால்களையும் மேலே இணைக்கும் கிரவுனின் பின்புறம் தொடர் எண் இருக்கும். ஃபாக்ஸில் கீழ்க்காலின் பின்புறம் நான்கு எழுத்தளவுள்ள ஒரு குறியீடு ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சரியான உறுப்பு வரும்.

ரீபவுண்டு குமிழ்

வலது காலின் அடியிலுள்ள இந்தக் குமிழ் கற்களில் இடிபட்டு உடைவதும், வழியில் எங்கோ கழன்று விழுவதும் அதிகம். பல மாதிரிகளில் இது திருகே இல்லாமல் செருகி வைக்கப்பட்டிருக்கும். நேராகக் கீழ்நோக்கி இழுத்தால் நீண்ட அறுகோணக் கம்பியோடு வெளியே வந்துவிடும். வேறு சிலவற்றில் ஒரு சிறு திருகு பிடித்திருக்கும். இழுக்கும்போது குமிழைச் சுற்றியுள்ள பெரிய போல்ட்டைத் திருப்பிவிடக் கூடாது. கீழ்க்காலை டேம்பர் தண்டோடு பிணைத்து வைத்திருப்பது அந்தப் போல்ட்தான். அது தளர்ந்தால் உள்ளே மசகுக்காக ஊற்றியிருக்கும் எண்ணெய் வடியத் தொடங்கும்.

வெளியே வந்த கம்பியின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஆறு விளிம்புகளும் கூராக இருந்தால் நல்லது; உருண்டிருந்தால் குமிழ் சுற்றியும் ஃபோர்க்கில் மாற்றம் வராததற்குக் காரணம் அதுவே. குமிழ் தொலைந்துபோன வண்டியில், அதே அளவுள்ள ஆலன் கீ ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டு ரீபவுண்டைத் தற்காலிகமாக மாற்றிக்கொள்ள முடியும். செருகும் வகைக் குமிழ் அடிக்கடி விழுந்தால், கம்பியின் மீது கெட்டியான கிரீஸைத் தடவிச் செருகினால் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பசை போடாதீர்கள், அடுத்த முறை கீழ்க்காலைக் கழற்ற வேண்டியவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

கேபிள் லாக்கவுட்

ஹேண்டில்பாரில் பட்டன் வைத்த ஃபோர்க்கில், லாக்கவுட் பாதி மட்டும் பூட்டிக்கொண்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மேல் குமிழின் இடத்தில் கேபிளைச் சுற்றிக்கொள்ளும் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைப் பழைய இடத்துக்கே இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பட்டனைத் திறந்த நிலையில் வைத்து, சக்கரத்தில் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, பழைய கேபிளை உருவி எடுத்து, அவுட்டர் எனப்படும் வெளியுறைக்குள் புதிய கேபிளை விட்டு, தொய்வு இல்லாத அளவுக்கு இழுத்துத் திருகை இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் ஃபோர்க் எப்போதும் சற்றே பூட்டிய நிலையில் இருக்கும். இறுக்கிய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். அவுட்டர் குட்டையாக இருந்தால் திருப்பும்போது சக்கரம் தானாகவே நகரும். கேபிளின் நுனியில் மூடி போடாமல் விட்டால் இழைகள் பிரிந்து விரலைக் குத்தும்.

ப்ரீலோட் குமிழும் காற்று வால்வும்

ப்ரீலோட் குமிழ் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது தடையில்லாமல் சுற்றினால் உள்ளேயுள்ள மரை தேய்ந்துவிட்டது. ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மூடியோடு சேர்ந்த முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் குமிழைக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, கடைசி மரையில் மூடி எகிறாது. முகத்தை நேர் மேலே வைக்க வேண்டாம்.

காற்று ஃபோர்க்கில் மேல்மூடியைத் தொடுவதற்கு முன் காற்று முழுவதையும் வெளியேற்றியே ஆக வேண்டும். அழுத்தத்தோடு திறந்த மூடி தோட்டாவைப் போல் பாயும். வால்விலேயே காற்று கசிகிறதா என்று அறிய ஒரு சொட்டு சோப்பு நீரை அதன் மேல் விட்டுக் குமிழி எழுகிறதா என்று பார்க்கலாம். எழுந்தால் வால்வின் உள்ளூசியைச் சற்றே இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ என்ற ஓசை பெரும்பாலும் பம்பின் குழாயில் இருந்த காற்றினுடையது. அதைக் கேட்டுப் பதறி மறுபடி மறுபடி பம்பை மாட்டுபவர்கள், ஒவ்வொரு முறையும் ஃபோர்க்கின் காற்றுக் கொஞ்சம் குழாய்க்குள் போவதால், பம்பின் அழுத்த அளவி குறைத்துக் காட்டுவதைப் பார்த்து மேலும் குழம்புகிறார்கள்.

திரும்ப மாட்டுதல்

ஸ்பிரிங்கைத் துளையில் வைத்து, அதன் மேல் கிரீஸை ஒரு பொட்டு வைத்து, குண்டை அதில் பதித்தால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. தண்டு எந்த முனையில் இருக்கிறதோ, குமிழையும் அதே முனைக்குரிய திசையில் வைத்து இறக்க வேண்டும். தவறாக வைத்தால் குமிழில் ‘திறந்தது’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஃபோர்க் பூட்டியிருக்கும். தண்டில் தட்டையாகச் சீவிய ஒரு பக்கம் இருந்தால், கிரப் ஸ்க்ரூ அந்தப் பக்கத்தின் மேல்தான் அமர வேண்டும். குமிழை அடிவரை அமுக்கி இறுக்காமல், குமிழுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, திருகை இறுக்கிய பிறகு தாளை உருவிவிடுங்கள். அந்தத் தாளளவு இடைவெளி இருந்தால் குமிழ் உராயாது. திருகின் மரையில் நீல த்ரெட் லாக்கர் ஒரு புள்ளி போதும். ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைத் திருகில் செருகி, குட்டைப் பக்கத்தை இரண்டு விரல்களால் பிடித்து இறுக்கினால் விசை அளவோடு இருக்கும்.

பிறகு தொடக்கத்தில் எழுதிவைத்த எண்ணிக்கையை எடுத்து, முனைக்கு முனை அதே அளவு கிளிக்குகள் வருகின்றனவா என்று எண்ணுங்கள். குறைந்தால் குமிழ் தவறான இடத்தில் அமர்ந்திருக்கிறது; கழற்றி மறுபடி மாட்டுங்கள். குமிழின் அடியில் எண்ணெய் ஊறினாலோ, கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும் மேற்குழாயில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ, கிரவுனில் விரிசல் தெரிந்தாலோ வண்டியை ஓட்டாமல் சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால், த்ரெட் லாக்கர் உலர ஒரு நாள் விட்டு, மேடுபள்ளமான பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, அதே கீயால் திருகை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் வேலை முடிந்தது.